ஜோசபின்: நெப்போலியன் வைத்த பெயர், துரத்தப்பட்ட பேரரசி... ஐரோப்பிய அரச குடும்பங்களின் பாட்டி ஆனது எப்படி?

ஜோசபின் டீச்சர், ஜோசபின் சிஸ்டர், ஜோசபின் மேரி... நம்ம ஊர்ல இந்தப் பெயரைக் கேட்காதவங்க குறைவு. தூத்துக்குடியிலும் நாகர்கோவிலிலும் புதுச்சேரியிலும் ஒரு தெருவுக்கு ஒரு ஜோசபினாவது இருப்பாங்க. ஆனா இந்தப் பெயரை உலகம் முழுக்கப் பிரபலமாக்கிய பெண்ணுக்கு, 32 வயசு வரைக்கும் அந்தப் பெயரே கிடையாது தெரியுமா?

அவரை எல்லாரும் கூப்பிட்டது ரோஸ் என்று. ஜோசபின் என்று மாற்றியவர் நெப்போலியன் போனபார்ட். அந்தப் பெயரோடு அவரைப் பேரரசி ஆக்கியவரும் அவர்தான், 'குழந்தை பிறக்கவில்லை' என்ற காரணத்துக்காக அரண்மனையை விட்டு அனுப்பியவரும் அவர்தான்.

இதில் வேடிக்கை என்னன்னா, ஜோசபின் என்ற பெயரின் அர்த்தமே குழந்தையோடு சம்பந்தப்பட்டது!

பெயரின் பொருள் என்ன?

ஜோசபின் என்பது ஜோசப் என்ற ஆண் பெயரின் பிரெஞ்சுப் பெண்பால் வடிவம். மூலம் எபிரேய மொழியின் யோசெஃப். அதற்கு 'அவர் இன்னும் சேர்த்துத் தருவார்' என்று பொருள். அவர் என்பது இங்கே கடவுள்.

பைபிளின் ஆதியாகமத்தில் இதற்கு ஒரு கதை உண்டு. யாக்கோபின் மனைவி ராகேலுக்குப் பல வருஷம் குழந்தை இல்லை. கடைசியில் ஒரு மகன் பிறக்கிறான். கடவுள் எனக்கு இன்னொரு மகனையும் தரட்டும் என்ற வேண்டுதலோடு அவனுக்கு அந்தப் பெயரை வைக்கிறார் ராகேல்.

இதே பெயர்தான் தமிழில் யோசேப்பு, சூசை என்றும், அரபியில் யூசுஃப் என்றும் வழங்குகிறது. பிரெஞ்சில் இதன் பெண்பால் முதலில் ஜோசெஃப் (எழுத்தில் கடைசியில் ஓர் எழுத்து மட்டும் கூடும்). அதோடு செல்லமாகக் கூப்பிடும் 'ஈன்' விகுதி சேர்ந்தால் ஜோசபின்.

கரும்புத் தோட்டத்தில் பிறந்த ரோஸ்

1763 ஜூன் 23. கரீபியன் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான மார்டினிக்கில், ட்ருவா-இலே என்ற ஊரில் அந்தக் குழந்தை பிறந்தது. முழுப் பெயர் மரி ஜோசெஃப் ரோஸ் தாஷெர் தெ லா பாஜ்ரி. வீட்டில் கூப்பிட்டது ரோஸ்.

அப்பாவுக்குச் சொந்தமாகக் கரும்புத் தோட்டமும் சர்க்கரை ஆலையும் இருந்தன. அங்கே வேலை செய்தது கூலி ஆட்கள் இல்லை. ஆப்பிரிக்காவில் இருந்து பிடித்து வரப்பட்டு அடிமையாக்கப்பட்ட மக்களும், அவர்களுடைய பிள்ளைகளும். ரோஸ் குடும்பத்தின் சாப்பாடு, துணிமணி, பிரபு என்ற பட்டம் எல்லாமே அந்த உழைப்பின் மேல் நின்றது. இதை மறந்துட்டு அவர் கதையைச் சொல்ல முடியாது. கடைசியில் இதுக்கே திரும்பி வருவோம்.

1766-ல் அடித்த பெரும் புயலில் குடும்ப வீடு இடிந்து போனது. அதன் பிறகு சர்க்கரை ஆலைக் கட்டடத்தின் மாடியில்தான் குடித்தனம். கடனும் சேர்ந்தது.

பெண்களை நல்ல இடத்தில் கட்டிக் கொடுப்பதுதான் குடும்பத்துக்கு ஒரே வழி. பாரீசில் இருந்த அலெக்சாண்டர் தெ போஹார்னே என்ற பிரபு வீட்டுப் பையனுக்கு முதலில் பேசப்பட்டது ரோஸை அல்ல, அவருடைய தங்கையை. அந்தத் தங்கை நோயில் இறந்துவிட, ரோஸ் கப்பல் ஏறினார். கூடவே போனவர் யூஃபேமி என்ற அடிமைப் பணிப்பெண். 1779 டிசம்பரில் கல்யாணம். ரோஸுக்கு அப்போது 16 வயசு.

சிறையில் கேட்ட செய்தி

கல்யாண வாழ்க்கை சரியாக அமையவில்லை. 1781-ல் மகன் யூஜின், 1783-ல் மகள் ஹார்டென்ஸ் பிறந்தார்கள். ஆனால் கணவர் வீட்டிலேயே தங்கவில்லை. 1785-ல் சட்டப்படி பிரிந்துவிட்டார்கள்.

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. கணவர் அலெக்சாண்டர் புரட்சியின் பக்கம் நின்றார், தேசிய சட்டமன்றத்துக்குத் தலைவராகவும் இருந்தார். பிறகு ராணுவத் தளபதி. ஆனால் போரில் தோற்ற தளபதிகளைத் துரோகிகளாகப் பார்த்த காலம் அது. 1794-ல் அவரைச் சிறையில் அடைத்தார்கள். ஏப்ரலில் ரோஸையும் கைது செய்தார்கள். இருவரும் இருந்தது பாரீசின் கார்ம் சிறை.

ஜூலை 23 அன்று அலெக்சாண்டரின் தலை கில்லட்டினில் துண்டிக்கப்பட்டது. அடுத்து ரோஸின் முறை வரலாம் என்ற நிலை. ஆனால் நான்கே நாளில் ஆட்சி கவிழ்ந்தது. பயங்கர ஆட்சியை நடத்திய ரோபஸ்பியர் ஜூலை 28 அன்று அதே கில்லட்டினில் இறந்தார். ஆகஸ்ட் 6 அன்று ரோஸ் விடுதலையானார்.

வெளியே வந்தபோது வயசு 31. கணவர் இல்லை, கையில் காசு இல்லை, ரெண்டு பிள்ளைகள். பாரீசின் புதிய ஆட்சியாளர்களின் நட்பு வட்டத்தில் இடம் பிடித்துத்தான் அவர் பிழைத்தார். அந்த ஆட்சியின் முக்கியப் புள்ளியான பால் பராஸுடன் அவருக்கு நெருக்கம் இருந்தது. இதை வைத்து அவரைக் கேவலமாகப் பேசியவர்கள் அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. ஆனா அந்தக் காலத்தில் ஒரு விதவைக்கு வேற என்ன வழி இருந்ததுன்னு யாரும் கேட்கறதில்லை.

ரோஸ் எப்படி ஜோசபின் ஆனார்?

1795-ல் அவரைச் சந்தித்தார் நெப்போலியன். வயசு 26. கார்சிகா தீவில் இருந்து வந்தவர். பிரெஞ்சை ஒருவித இழுவையோடு பேசுவார். வேகமாக மேலே வந்துகொண்டிருந்த தளபதி.

அதற்கு முன்பு அவருக்கு நிச்சயமாகியிருந்த பெண்ணின் பெயர் தெசிரே க்ளாரி. அந்தப் பெண்ணையும் எல்லோரும் கூப்பிட்ட பெயரில் அவர் கூப்பிடவில்லை. அவருடைய முழுப் பெயரில் இருந்த யூஜினி என்ற பகுதியை எடுத்துக்கொண்டார். இப்போது ரோஸின் முழுப் பெயரில் நடுவில் கிடந்த ஜோசெஃப் என்பதை எடுத்து ஜோசபின் ஆக்கினார். மற்ற ஆண்கள் கூப்பிட்ட பெயரில் கூப்பிட அவருக்குப் பிடிக்கவில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம்.

1796 மார்ச் 9 அன்று பதிவுத் திருமணம். மாப்பிள்ளையே தாமதமாகத்தான் வந்து சேர்ந்தார்! பதிவேட்டில் இருவரும் வயசை மாற்றி எழுதினார்கள். 32 வயசு மணமகள் நான்கு வயசைக் குறைத்தார், 26 வயசு மாப்பிள்ளை ஒன்றரை வயசைக் கூட்டினார். காகிதத்தில் ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய 28.

இரண்டு நாளில் மாப்பிள்ளை இத்தாலிப் போர்முனைக்குக் கிளம்பிவிட்டார். அங்கிருந்து அவர் எழுதிய காதல் கடிதங்கள் இன்றும் ஏலத்துக்கு வந்தால் செய்தியாகும். பதில் கடிதம் குறைவாகத்தான் போனது. காரணம், பாரீசில் இப்போலித் சார்ல் என்ற இளம் அதிகாரியுடன் ஜோசபினுக்கு உறவு இருந்தது.

ஊரே படித்த வீட்டுச் சண்டை

1798-ல் எகிப்துப் படையெடுப்பின்போது இந்த விஷயம் நெப்போலியன் காதுக்கு வந்தது. மனம் உடைந்து அண்ணனுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் பிரிட்டிஷ் கடற்படையிடம் சிக்கியது. லண்டனில் அச்சடித்தே விட்டார்கள். இன்றைய பாஷையில் சொன்னா, தளபதியின் வாட்ஸ்அப் சாட் லீக் ஆன மாதிரி.

அதே எகிப்தில் நெப்போலியனும் போலின் ஃபூரே என்ற பெண்ணுடன் பகிரங்கமாகவே வாழ்ந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லணும். ஆனா அது யாருக்கும் பெரிய குற்றமாகத் தெரியவில்லை.

1799 அக்டோபரில் நெப்போலியன் திரும்பினார். முந்திக்கொண்டு சமாதானம் பேச ஜோசபின் வழியிலேயே சந்திக்கப் போனார். அவர் வேறு சாலையில் வந்துவிட்டார். வீடு திரும்பினால் அறைக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. யூஜினும் ஹார்டென்ஸும் வெளியே நின்று அம்மாவுக்காகக் கெஞ்சிய பிறகே கதவு திறந்தது. அதன் பிறகு ஜோசபின் வேறு யாரையும் நாடியதாகத் தகவல் இல்லை. நெப்போலியனின் தொடர்புகள்தான் தொடர்ந்தன.

நாட்ரடாமில் முடிசூட்டு

அடுத்த ஐந்து வருஷத்தில் நெப்போலியன் ஆட்சியைப் பிடித்து, பேரரசராக அறிவிக்கப்பட்டார். 1804 டிசம்பர் 2 அன்று பாரீஸ் நாட்ரடாம் தேவாலயத்தில் முடிசூட்டு விழா. போப் ஏழாம் பயஸ் முன்னிலையில் நெப்போலியன் தன் தலையில் தானே கிரீடம் வைத்துக்கொண்டார். பிறகு முழங்காலிட்ட ஜோசபின் தலையில் வைத்தார்.

அதற்கு முந்தைய இரவுதான் இருவருக்கும் திருச்சபை முறைப்படி ரகசியமாகத் திருமணம் நடந்தது. அதுவரை இருந்தது பதிவுத் திருமணம் மட்டுமே.

பாரீஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஜாக்-லூயி டேவிட் வரைந்த, கிட்டத்தட்ட 10 மீட்டர் அகல ஓவியம் ஒன்று இருக்கிறது. அதில் காட்டப்படுவது நெப்போலியன் முடிசூடும் தருணம் அல்ல, ஜோசபினுக்கு முடிசூட்டும் தருணம். நெப்போலியனின் சகோதரிகள் இந்த விழாவில் ஜோசபினின் நீண்ட அங்கியைத் தாங்கி நடக்கவே முகம் சுளித்தவர்கள். போனபார்ட் குடும்பத்துக்கு அவரைக் கடைசி வரை பிடிக்கவில்லை.

ஒரு வாரிசுக்காக

பேரரசு வந்தாச்சு. அடுத்த கேள்வி, வாரிசு எங்கே? இந்தக் கேள்வியை நம்ம வீடுகளில் எத்தனை பெண்கள் சந்தித்திருப்பாங்க! பேரரசியும் தப்பவில்லை.

ஜோசபினுக்கு முதல் திருமணத்தில் இரண்டு பிள்ளைகள் இருந்ததால், குறை தன்னிடமோ என்ற சந்தேகம் நெப்போலியனுக்கே இருந்தது. ஜோசபின் ஒரு வழி கண்டுபிடித்தார். 1802-ல் மகள் ஹார்டென்ஸை நெப்போலியனின் தம்பி லூயிக்குக் கட்டிக் கொடுத்தார். அவர்களுடைய மகன் வாரிசு ஆகலாம் என்ற நம்பிக்கை. மகளுக்கு அந்தத் திருமணம் சந்தோஷத்தைத் தரவில்லை. பிறந்த முதல் பேரனும் 1807 மே மாதம் நான்கு வயசில் இறந்துபோனான்.

அதற்குச் சில மாதம் முன்பு, 1806 டிசம்பரில், வேறொரு பெண் மூலம் நெப்போலியனுக்கு மகன் பிறந்திருந்தான். தன்னால் தந்தையாக முடியும் என்று அவருக்கு உறுதியானது. ஜோசபினின் விதி அங்கேயே எழுதப்பட்டுவிட்டது.

1809 டிசம்பர் 15 இரவு, துய்லரி அரண்மனையில் குடும்பத்தார் முன்னிலையில் விவாகரத்துச் சடங்கு. பேரரசின் நலனுக்காகச் சம்மதிக்கிறேன் என்ற அறிக்கையை ஜோசபினே வாசிக்க வேண்டும். பாதியில் குரல் அடைத்தது. மீதியை வேறொருவர் வாசித்து முடித்தார். 46 வயசு. மறுநாள் பெட்டிகளோடு கிளம்பிவிட்டார்.

பேரரசி பட்டம் போகவில்லை. ஆண்டுக்கு 20 லட்சம் பிராங்க் படியும், பாரீசுக்கு மேற்கே இருந்த மால்மேசான் மாளிகையும் அவருக்குக் கிடைத்தன. சில மாதத்தில் ஆஸ்திரிய இளவரசி மரி லூயிஸை நெப்போலியன் மணந்தார். 1811 மார்ச்சில், கேட்டபடியே ஒரு மகன் பிறந்தான்.

ரோஜாத் தோட்டம்

மால்மேசானை ஜோசபின் 1799-லேயே, நெப்போலியன் எகிப்தில் இருந்தபோது, கடன் வாங்கி வாங்கியிருந்தார். செலவாளி என்று அவருக்குக் கெட்ட பெயர் உண்டு, அது உண்மையும்கூட. ஆனா அந்தக் காசில் ஒரு பகுதி எங்கே போச்சுன்னு பார்த்தா ஆச்சரியம்.

உலகம் முழுவதிலும் இருந்து செடிகளை வரவழைத்தார். வெப்பநாட்டுச் செடிகளுக்காகச் சூடேற்றிய கண்ணாடி இல்லம் கட்டினார். ஆஸ்திரேலியாவின் கறுப்பு அன்னங்கள் அவர் குளத்தில் நீந்தின, கங்காருக்கள் புல்வெளியில் மேய்ந்தன. அவர் சேர்த்த ரோஜா வகைகள் ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டன. அவருக்காகப் பூக்களை வரைந்த ஓவியர் ரெடூட்டே. அவருடைய ரோஜா ஓவியங்கள் இன்றும் காலண்டரிலும் தேநீர்க் கோப்பையிலும் இருக்கின்றன.

தென் அமெரிக்க நாடான சிலியின் தேசிய மலரின் அறிவியல் பெயர் லாபாஜெரியா ரோசியா. லா பாஜ்ரி என்ற ஜோசபினின் பிறந்த வீட்டுப் பெயரில் இருந்து வந்தது அந்த முதல் பாதி.

1814-ல் நெப்போலியன் தோற்று, எல்பா தீவுக்கு அனுப்பப்பட்டார். வென்ற ரஷ்யப் பேரரசர் முதலாம் அலெக்சாண்டர் மால்மேசானுக்கு மரியாதை நிமித்தம் வந்து போனார். அந்த மே மாதத்தில் ஜோசபினுக்குச் சளி பிடித்தது. அது தொண்டைக்கும் நெஞ்சுக்கும் இறங்கியது. மே 29 அன்று, 51-வது பிறந்தநாளுக்கு மூன்றரை வாரம் இருக்கும்போது, இறந்தார். மால்மேசானை ஒட்டிய ருவேய் ஊர்த் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

எல்பாவில் இருந்து தப்பி வந்து, 1815-ல் வாட்டர்லூவில் தோற்ற நெப்போலியன், நாடு கடத்தப்படுவதற்கு முன் கடைசியாகச் சில நாள் வந்து தங்கிய வீடு மால்மேசான்தான். அங்கே அவரைப் பார்த்துக்கொண்டவர் ஹார்டென்ஸ்.

அப்போ வாரிசு யாருக்கு?

எந்த மகனுக்காக ஜோசபின் அனுப்பப்பட்டாரோ, அந்த மகன் 1832-ல் வியன்னாவில் காசநோயால் 21 வயசில் இறந்தான். அவனுக்குப் பிள்ளைகள் இல்லை. நெப்போலியனின் சட்டபூர்வ வம்சம் அத்தோடு முடிந்தது.

ஜோசபின் பக்கம் என்ன ஆச்சு?

* மகள் ஹார்டென்ஸின் மகன், மூன்றாம் நெப்போலியன் என்ற பெயரில் 1852 முதல் 1870 வரை பிரான்சின் பேரரசர்.
* மகன் யூஜினின் மகள் அமெலி, பிரேசில் பேரரசி.
* யூஜினின் மூத்த மகளுக்குப் பாட்டியின் பெயரே வைக்கப்பட்டது. 1807-ல் மிலான் நகரில் பிறந்த அந்த ஜோசபின், 1823-ல் ஸ்வீடன் இளவரசர் ஆஸ்கரை மணந்து, பிறகு ராணி ஆனார்.

அந்த ஆஸ்கரின் அம்மா யார் தெரியுமா? நெப்போலியன் முதலில் நிச்சயம் செய்து கைவிட்ட தெசிரே க்ளாரி! அவர் கைவிட்ட ஒரு பெண்ணின் மகனும், அனுப்பிவைத்த இன்னொரு பெண்ணின் பேத்தியும் சேர்ந்துதான் ஸ்வீடன் அரச வம்சத்தை வளர்த்தார்கள்.

இன்றைய ஸ்வீடன், நார்வே, டென்மார்க், பெல்ஜியம், லக்சம்பர்க் அரச குடும்பங்கள் ஜோசபின் வழி வந்தவை. 1976-ல் ஸ்வீடன் ராணி சில்வியா தன் திருமணத்தில் அணிந்த கேமியோ கிரீடம், பேரரசி ஜோசபினுடையது என்றே சொல்லப்படுகிறது.

தலை இல்லாத சிலை

பாரீசில் அவர் கதை காதல் கதை. பிறந்த மண்ணான மார்டினிக்கில் அப்படி இல்லை.

புரட்சி அரசு 1794-ல் அடிமை முறையை ஒழித்தது. ஆனால் மார்டினிக் அப்போது பிரிட்டிஷ் கைக்குப் போனதால் அங்கே அது அமலாகவே இல்லை. 1802-ல் தீவு திரும்பக் கிடைத்தபோது, அங்கே அடிமை முறை தொடரும் என்று நெப்போலியன் அரசு சட்டம் போட்டது. பிற குடியேற்றங்களில் விடுதலை பெற்றவர்களும் மீண்டும் அடிமையாக்கப்பட்டார்கள். தோட்டக்காரர் வீட்டுப் பெண்ணான ஜோசபின்தான் இதற்குத் தூண்டினார் என்பது தீவில் பலரின் நம்பிக்கை. அதற்கு நேரடி ஆதாரம் இல்லை என்பதே வரலாற்று ஆசிரியர்கள் பலரின் கருத்து. ஆனால் அதை அவர் எதிர்த்ததற்கும் ஆதாரம் கிடையாது. அந்த முறையால் வாழ்ந்த குடும்பம் அவருடையது என்பதில் சந்தேகமே இல்லை.

1859-ல் தலைநகர் ஃபோர்-தெ-ஃப்ரான்ஸில் அவருக்கு வெள்ளைப் பளிங்குச் சிலை வைத்தார்கள். 1991-ல் யாரோ அதன் தலையை வெட்டி எடுத்தார்கள். கழுத்தில் சிவப்புச் சாயம் பூசப்பட்டது. புதுத் தலை வைக்கப்படவே இல்லை. சுமார் 30 வருஷம் தலையில்லாமல் நின்ற சிலையை 2020 ஜூலையில் போராட்டக்காரர்கள் அடியோடு சாய்த்தார்கள்.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1848-ல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் ஏற்றினார்கள். சுமார் 25,000 இந்தியர்கள் மார்டினிக் போனார்கள், அதில் பெரும்பகுதி தமிழர்கள். மாரியம்மன் வழிபாடு அந்தத் தீவில் இன்றும் இருக்கிறது.

வேறு இரண்டு ஜோசபின்கள்

பகிதா: சூடானில் சிறுவயதில் கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்டவர். பிடித்தவர்கள் வைத்த பெயர்தான் பகிதா, அதிர்ச்சியில் சொந்தப் பெயரே அவருக்கு மறந்துபோனது. இத்தாலியில் விடுதலை பெற்று, 1890 ஞானஸ்நானத்தில் ஜோசபின் என்பதன் இத்தாலிய வடிவமான ஜுசெப்பினா என்ற பெயரை ஏற்றார். 2000-ல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

ஜோசபின் பேக்கர்: 1906-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஏழை கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். 1925-ல் பாரீஸ் மேடையில் ஆடிப் பிரபலமானார். இரண்டாம் உலகப் போரில் நாஜிகளுக்கு எதிராக பிரான்சுக்கு உளவு வேலை பார்த்தார். 2021 நவம்பர் 30 அன்று, நாட்டின் மாபெரும் மனிதர்களுக்கான பாரீஸ் பாந்தியோனில் இடம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார்.

மார்டினிக்கில் தோட்டக்காரர் மகளின் சிலை சாய்ந்தது 2020-ல். அடிமைகளின் வழிவந்த இன்னொரு ஜோசபினுக்கு பிரான்ஸ் அரசு மரியாதை செய்தது அடுத்த வருஷமே.

அடுத்த முறை உங்க தெருவில் ஒரு ஜோசபினைப் பார்த்தா, பெயருக்கு என்ன அர்த்தம்னு கேட்டுப் பாருங்க. தெரியலைன்னா, 'இன்னும் சேர்த்துத் தருவார்' என்று நீங்களே சொல்லிடலாம். குழந்தை தரவில்லை என்று வெளியே அனுப்பப்பட்ட ஒரு பெண்ணின் பெயர் அது. அவருடைய வழிவந்தவங்க இன்றும் ஐந்து நாடுகளின் அரண்மனையில் இருக்காங்க.